மாமன் முறைக்கு வந்த வெள்ளிக் கிண்ணம்

என் மகனே,

நீ வளர்ந்து பெரியவனான பிறகு படிப்பதற்காக இதை எழுதுகிறேன். உனக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்போதோ, அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போதோ பெற்றவர்கள் எழுதும் நீளமான கடிதங்களைப் பழைய வார இதழ்களில் படித்திருக்கிறேன். முறுக்குப் பொட்டலம் கட்டுவதற்காக எடைக்கு வாங்கும் இதழ்கள் அவை. என் அப்பா இறந்ததும் அடுப்படியில் அம்மாவுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அதனால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்தத் தாள்களில்தான். கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் நரைத்தவர்களாக இருந்தார்கள். நானும் நரைக்கும்வரை காத்திருக்கலாம். ஆனால் அதுவரை இந்த வீட்டில் இருப்போமா என்று தெரியவில்லை. எனக்கு நேரில் பேசவும் வராது. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டால்கூட விரலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். நீ என்னைவிட வங்காளி நன்றாகப் பேசப் போகிறாய். தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் படிப்பாய். அவசரமில்லை, மெதுவாகப் படி.

உனக்கு ஒரு தீபாவளிப் பரிசு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இந்த வீட்டில் பரிசுகள் எப்படிப் போய் வந்தன என்று சொன்னால்தான் அது உனக்குப் புரியும். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், இந்தப் பழைய மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நாம் வாடகைக்கு இருக்கிறோம். முன்னறை கடை. முறுக்கு, தட்டை, அப்பளம், காப்பிப்பொடி. பின்னறையில் சமையலும் படுக்கையும். அப்பளம் காயப் போட மொட்டைமாடி. இந்தச் சந்தை விட்டுப் போனால் கடைக்கு ஆள் வர மாட்டார்கள். நம் முறுக்குக்குப் பெயர் கிடையாது, இடம்தான் அடையாளம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அம்மா ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் கொண்டு வந்தாள். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள். "வெறும் ஏனத்த அனுப்புனா, இனிமே உன் சங்காத்தமே வேண்டாம்னு அர்த்தம்ட்டி" என்பாள். ஏனம் என்றால் பாத்திரம். அவள் ஊர்ப் பேச்சு.

முதல் மாடியில் ரீனா காகிமா இருந்தார். காகிமா என்றால் சின்னம்மா. தனி ஆள். எல்லாப் பொருளிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். வாளி, குடை, செருப்பு, மாடிப்படியில் அவர் தன் காசில் வாங்கி மாட்டிய பல்பு, எல்லாவற்றிலும். "இந்த வீட்டில் எறும்புகூட அடுத்தவன் சாமானைத் தூக்கிட்டுப் போகும், தெரியுமா?" என்பார். லட்சுமி பூஜைக்குத் தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டிய நாரு அவருடைய சிவப்புப் பொட்டு வைத்த எவர்சில்வர் டப்பாவில் வரும். தீபாவளிக்கு அதே டப்பா முறுக்கோடு மேலே போகும். பொங்கலுக்கு ஒரு தடவை, வங்காளி வருடப் பிறப்புக்கு ஒரு தடவை. டப்பா எந்த வீட்டில் இருக்கிறதோ, அடுத்த முறை அந்த வீட்டினுடையது. "முறுக்கு, என் டப்பா உங்கிட்டே தூங்குதா, செத்துப்போச்சா?" என்று காகிமா படியிலிருந்து கத்துவார். அவர் அம்மாவைக் கூப்பிடுவதே முறுக்கு என்றுதான். "அரிசி இப்பத்தான் ஊறுது தீதி, உங்க வாயைக் கொஞ்சம் ஊற வைங்க" என்று அம்மா பதிலுக்குக் கத்துவாள். தீதி என்றால் அக்கா. நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். பரிசு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் வீட்டை ஒரு புரோமோட்டரிடம் கொடுத்தார்கள். பழைய வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டுகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எல்லாருக்கும் அவர் புபாய்-தா, அதாவது புபாய் அண்ணன். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மெல்லப் பேசுவார். மற்ற புரோமோட்டர்கள் ஆள் அனுப்பி மிரட்டுவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். இவர் துர்கா பூஜை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு "மாஷிமா" என்றார். சித்தி என்று அர்த்தம். வந்தது அட்டைப் பெட்டி. அதைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அம்மாவின் கை சும்மா இருக்குமா? ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கும் அதிரசமும் போட்டு அவருடைய ஆபீசுக்கு அனுப்பினாள். தூக்குவாளி ரசகுல்லாவோடு திரும்பி வந்தது. அப்படித்தான் தொடங்கியது. நாங்களே போய்த் தொடங்கி வைத்தோம்.

அடுத்த பூஜைக்குப் புடவை வந்தது. இந்த வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை. அஷ்டமி அன்று எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனார்கள். சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புபாய்-தா பார்த்துக்கொண்டிருந்தார். காகிமா மட்டும் தன் பழைய மஞ்சள் புடவையில் வந்தார். "இது என்ன பள்ளிக்கூடமா, யூனிஃபார்ம் போட?" என்று அவர் சத்தமாகச் சொன்னதும் புபாய்-தாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அன்றைக்குத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். நீயும் இதை வாழ்நாள் முழுக்கக் கவனி. ஒருவர் பரிசு நீட்டும்போது பொருளைப் பார்க்காதே, அவர் கண் எங்கே போகிறது என்று பார். காகிமா டப்பாவை நீட்டும்போது அவருடைய கண் அம்மாவின் முகத்தில் இருக்கும், பிடிக்கிறதா இல்லையா என்று. புபாய்-தா புடவையை நீட்டியபோது அவருடைய கண் எங்கள் சுவரிலும் உத்திரத்திலும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறவாக ஆனார். மேல்மாடி தத்தா வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா. பெரிய டிவி வந்தது. அந்த வீட்டு அம்மா பாய்ஃபோண்டா அன்று அவரை உட்கார வைத்துப் பொட்டும் வைத்தாள். பாய்ஃபோண்டா என்பது காளி பூஜை முடிந்து வரும் நாள். அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளை ஆசனத்தில் உட்கார வைத்து, எமன் அண்டக் கூடாது என்று வேண்டி, நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அம்மா முதன்முதலில் அந்தப் பேரைக் கேட்டபோது ஏதோ தின்பண்டம் என்று நினைத்து, எந்த மாவில் போடுவது என்று காகிமாவிடம் கேட்டாளாம். ரத்த உறவு இல்லாதவருக்குப் பொட்டு வைத்தாலும் அவர் அண்ணன்தான். அண்ணனிடம் காகிதத்தைக் காட்டு என்று யார் கேட்பார்கள்? தத்தா குடும்பம் வாய்ப் பேச்சை நம்பி அந்தக் குளிர்காலத்திலேயே வீட்டைக் காலி செய்தது. அதே இடத்தில் புது வீடு தருவதாகச் சொல்லியிருந்தார். ஊருக்கு வெளியே எங்கோ வாடகை வீட்டில் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களுடைய கதவில் புபாய்-தாவின் பித்தளைப் பூட்டு தொங்குகிறது.

காகிமாவுக்கு அவர் மகனானார். போன பூஜைக்கு ரிப்பன் கட்டிய சக்கரப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். வெளியூர் போகும்போது இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரிப் பெட்டி. "மா, காசிக்குப் போய் வா, பூரிக்குப் போய் வா. மகன் அனுப்பி வைக்கிறேன்" என்றார். காகிமா அதைப் படியில் வைத்துத் திறந்து பார்த்தார். "காலிப் பெட்டியா கொடுத்திருக்கே. எதை வைக்கச் சொல்றே, என்னையா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். புபாய்-தா சிரிக்கவில்லை. லட்சுமி பூஜை முடிந்து, தீபாவளி வருவதற்குள் ஒரு சாயங்காலம் காகிமா மாடிப்படியில் விழுந்தார். இந்தப் படிக்கட்டில் பகலிலேயே வெளிச்சம் கிடையாது. பல்பு மாட்டும் இடம் காலியாக இருந்தது. பியூஸ் போயிருக்கும், யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள் என்றார்கள். இடுப்பெலும்பு முறிந்தவரை அவருடைய அக்காள் மகன் வந்து தூக்கிக்கொண்டு போனான். அவர் துணிகள் அந்தச் சக்கரப் பெட்டியில்தான் போயின. அவர் கதவிலும் இப்போது அதே பித்தளைப் பூட்டு. அப்போது முறை எங்களுடையது. டப்பா எங்கள் அலமாரியில் இருந்தது. அது இன்னும் இங்கேதான் இருக்கிறது. நான் அதில் எப்போதும் ஒன்றிரண்டு முறுக்கு போட்டு வைக்கிறேன். உன் அப்பா படியில் வேறு பல்பு வாங்கி மாட்டினார். ஒரு வாரத்தில் அதையும் காணோம். அதன் பிறகு கைபேசி வெளிச்சத்தில்தான் ஏறி இறங்குகிறோம்.

இப்போது மீதி இருப்பது நாம் மட்டும். நீ சித்திரையில் பிறந்தாய். இந்த லட்சுமி பூஜை முடிந்து புபாய்-தா வந்தார். கையில் வெல்வெட் துணி சுற்றிய வெள்ளிக் கிண்ணம். நீ தரையில் குப்புறக் கிடந்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் உள்ளங்காலைத் தொட்டார். "என் பாக்னே!" என்றார். சகோதரி மகன் என்று அர்த்தம். "மாஷிமா, இவனுக்கு முகே பாத் எப்போ?" என்று அம்மாவைக் கேட்டார். குழந்தைக்கு முதன்முதலில் சோறு ஊட்டுவதை இங்கே அப்படிச் சொல்வார்கள். தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். "இவளுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது, அதனால இவனுக்கு மாமன் இல்லைன்னு ஆயிடுமா? பாய்ஃபோண்டா அன்னிக்கு நான் வந்து உட்காருறேன், இவ பொட்டு வைக்கட்டும். அப்புறம் முகே பாத் என் செலவு. இந்தக் கிண்ணத்துலதான் பாயசம்." அதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "வெறும் ஏனத்தைத் திருப்பமாட்டீங்கன்னு தெரியும். அதான் ஏனத்தையே கொண்டு வந்துட்டேன்." வங்காளி பேச்சின் நடுவே ஏனம் என்ற சொல் அப்படியே தமிழில் வந்தது. எங்களிடமிருந்தே கற்றுக்கொண்டார்.

அவர் போனதும் உன் அப்பாவும் என் அம்மாவும் பேசிக்கொண்டார்கள். உன் அப்பா கிடர்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அலுத்து வந்து உட்கார்ந்திருந்தார். "மாமன்னு ஒக்காந்தா ஒக்காந்துட்டுப் போறான். கையெழுத்துப் போட்டாத்தான வம்பு?" என்றார். "தத்தா வீட்டுல மட்டும் கையெழுத்தா போட்டாவ? பேசியேதான கெளப்புனான்" என்றாள் அம்மா. ஆனால் அவள் கை கிண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "இருந்தாலும் பிள்ளைக்கு மாமன் மடின்னு ஒண்ணு வேணும்லா. எனக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை பொறக்காமப் போச்சே." அம்மாவை நான் குறை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. காது குத்தும்போது என்னை உட்கார வைக்கவும் மாமன் மடி இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புபாய்-தா அதை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று பார்த்து, அதில் வந்து உட்காருகிறவர் அவர். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "நீ என்னட்டி சொல்லுத?" என்று அம்மா கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

பாய்ஃபோண்டா அன்று காலையில் அம்மா குளித்துவிட்டு ஆசனம் போட்டாள். சந்தனம் அரைத்தாள். வெள்ளிக் கிண்ணத்தில் தீபாவளி அதிரசத்தை அடுக்கி வைத்துவிட்டு மாவு அரைக்கும் மில்லுக்குப் போனாள். வந்தவர் கையில் ஏதாவது கொடுக்க வேண்டுமே. நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இந்த ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றியது. எழுந்து போகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். அதிரசங்களை எடுத்துக் காகிமாவின் டப்பாவில் போட்டேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்தேன். ஒரு துளி எண்ணெய்கூட இல்லாமல் துடைத்தேன். வெல்வெட் துணியைச் சுற்றிக்கொண்டு, உன்னையும் தூக்கிக்கொண்டு அவருடைய ஆபீசுக்கு நடந்தேன். அவ்வளவு தூரம் தனியாக நடந்ததே இல்லை. நீ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாய்.

காளிகாட் போகும் வழியில் ஒரு கடையின் முன்பக்கம்தான் ஆபீஸ். புபாய்-தா பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய நெற்றியில் ஏற்கெனவே பல பொட்டுகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எந்தெந்த வீட்டுத் தங்கைகளோ.

"ஆரே, நீயே வந்துட்டியா? நான் அங்கே வரத்தானே கிளம்பிட்டிருக்கேன். பாக்னேவுக்கு மாமனைப் பார்க்காம இருக்க முடியலையா?"

நான் கிண்ணத்தை மேசையில் வைத்தேன். அவர் துணியைப் பிரித்து உள்ளே பார்த்தார். விரலை விட்டு அடியைத் தடவிப் பார்த்தார்.

"மாஷிமா கொடுத்து அனுப்பினாங்களா?"

"இல்லை. நான்தான்."

"உள்ளே ஒண்ணும் இல்லையே."

"ஆமாம்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. வெறும் ஏனம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் நம்மைத் தவிர தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்தார். பிறகு வழக்கமான சிரிப்பு வந்தது. "சரி. நல்லாப் பேசக் கத்துக்கிட்டே. குழந்தையைத் தூக்கிட்டு மொட்டைமாடிக்கு ஏறி இறங்கும்போது பார்த்து இறங்கு. ஷாப்தானே" என்றார். ஜாக்கிரதை என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார். வீடு வந்து சேரும்வரை உன்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, வெறும் ஏனத்தையா குடுத்துட்டு வந்த?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து ஆசனத்தைச் சுருட்டி மேலே வைத்தாள். அரைத்த சந்தனத்தை உன் நெஞ்சில் பூசினாள். "அவன் நெத்திக்குன்னு அரச்சது. உனக்கே இருக்கட்டும்" என்றாள். பிறகு பகலிலேயே கதவுக்குத் தாழ் போட்டாள். கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்தத் தாழை அவள் போட்டு நான் பார்த்ததே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தபோது யாரும் இல்லை. வாசல்படியில் அந்த வெள்ளிக் கிண்ணம் இருந்தது, அதே வெல்வெட் துணி சுற்றியபடி. "திருப்பி அனுப்பிட்டாம்லா" என்றாள் அம்மா. "உள்ள என்ன இருக்குன்னு பாரு." வெறுமையாகத் திருப்பக் கூடாது என்ற பழக்கத்தையும் அவர் எங்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார். துணியைப் பிரித்தேன். உள்ளே ஒரு பல்பு. பழையது. தூசி துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன் பித்தளைக் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

"தீதியோட பல்புல்லா" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். உன் அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பல்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளா இது அவன்ட்டயா இருந்துச்சு?" என்றார். அதற்குப் பிறகு மாமன் மடியைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசவில்லை. நான் முறுக்கு பிழியும் முக்காலியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். உன் அப்பா கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்றாள். பல்பை மாட்டித் திருகினேன். பியூஸ் போயிருக்கும் என்று எல்லாரும் சொன்ன பல்பு அது. ஸ்விட்சைப் போட்டதும் எரிந்தது. காகிமா விழுந்த படி, அவருடைய பூட்டிய கதவு, மேலே தத்தா வீட்டுப் பூட்டு எல்லாம் தெரிந்தன. நீ வெளிச்சத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாய்.

உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதி பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது ஒரு பண்டிகைக்கு உன் வீட்டில் இல்லாத உறவாக வந்து நின்றால், அந்த இடம் காலியாக இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசி. கொடுக்க ஆசை வந்தால் காகிமாவைப் போலக் கொடு. முகத்தைப் பார்த்துக் கொடு. அடுத்த மாதம் உனக்குச் சோறு ஊட்டப் போகிறோம். மாமன் இல்லை. என் மடியில் உட்கார வைத்து என் கையால் ஊட்டுவேன், எவர்சில்வர் தட்டில். எங்கே வைத்து ஊட்டுவோம் என்றுதான் சொல்ல முடியவில்லை. படியில் பல்பு இன்றைக்கு வரை எரிகிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

அலமாரியில் இரண்டு ஏனங்கள் இருக்கின்றன. ஒன்று காகிமாவின் டப்பா. அதில் என்ன போட்டு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், கொண்டு போய்க் கொடுக்கும் விலாசம்தான் தெரியாது. நீ பெரியவனானதும் தேடிப் பார். மற்றொன்று வெள்ளிக் கிண்ணம். விலாசம் நன்றாகத் தெரியும், அதில் என்ன போட்டு அனுப்புவது என்றுதான் தெரியாது. அது இந்தத் தடவை நிறைந்து வந்தது. அதனால் இப்போது முறை நம்முடையது.

உன் அம்மா